இரண்டாவது ரீடிங்

தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவருக்கு முகம் கிடையாது, முதுகுதான் உண்டு. மாதத்துக்கு ஒரு தரம் வாசலில் ஒரு முதுகு குனியும். நடைபாதையில் பதித்த இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கும். உள்ளே கையை விட்டுக் கண்ணாடியைத் துணியால் துடைக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும். இருபத்தெட்டு வருடமாகப் பதினான்கு தெருக்களில் இப்படிக் குனிந்து நிமிர்ந்த ஒருவரின் கதை இது. தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர். வீட்டில் மனைவி "ஏங்க" என்பாள். அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

மனிதர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூடிக்குக் கீழே படித்ததுதான். ஆள் ஒருவருக்கு மாதம் நாலு யூனிட். கணவன் மனைவி என்றால் எட்டு, ஒன்பது. பன்னிரண்டைத் தாண்டினால் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபதைத் தாண்டினால் கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது, இல்லாவிட்டால் மாமியார் வந்திருக்கிறார். மாமியார் விஷயம் மட்டும் அவர் கண்டுபிடித்ததல்ல, மனைவி சேர்த்தது. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் போட்டு, எந்தத் தையல் எங்கே கோணலாகப் போகிறது என்று பார்த்துத் தூக்கி எறிகிற வேலை. அந்தக் கண்ணை வேலை முடிந்தும் அவள் கழற்றி வைப்பதில்லை. பெண் பார்க்க அவர் வந்தபோதே அவர் சட்டையின் இடது தோளில் ஒரு கோணலைக் கண்டுபிடித்ததாகவும், சரி, ஆள் தேறுவார் என்று விட்டுக்கொடுத்ததாகவும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஓய்வூதியம் இல்லை. அவர் நகராட்சி ஆள் இல்லை, ஒப்பந்தக்காரர் வைத்திருக்கிற ஆள். ஐம்பத்தெட்டு வயதானால் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததை வைத்து ஒரு சின்ன வீடு வாங்குவது, அதை வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் வயதான காலத்தை ஓட்டுவது. அவர்கள் இருந்த நகரத்தில் வீடெல்லாம் ஆனை விலை குதிரை விலை. வெளியூரில்தான் வாங்க முடியும். சேர்த்ததோ ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். ஊரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு தரம் தேர்ந்தெடுக்கச் சேமிப்பும் இல்லை, வயசும் இல்லை.

எந்த ஊர் என்று பார்ப்பதற்கே ஐந்து வருடம் ஓடிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கென்று இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். விற்பனைக்கு இருக்கிற வீட்டை அவர்கள் பார்ப்பதே இல்லை. சுற்றியிருக்கிற வீடுகளைத்தான் பார்ப்பார்கள். அவள் அண்ணாந்து மாடிகளில் காயும் துணிகளைப் பார்ப்பாள். "ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கறது சமையல்காரர். அந்தக் கறை சாதாரண வீட்டுச் சமையல்ல வராது. மூணாவது மாடி தனியா இருக்கற பொண்ணு. ஆம்பளச் சட்டை ஒண்ணு காயுது, ஆனா ஆறு மாசமா வெயில் பட்டுச் சாயம் போயிருக்கு. சும்மா காவலுக்குத் தொங்குது." அவர் கீழே குனிந்து மீட்டர்களைப் படிப்பார். அவர் சொல்லச் சொல்ல அவள் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவாள். ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி படிப்பார்கள். கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், எந்த வீட்டில் எத்தனை பேர், எது காலி என்று. ஒரு தரம் படித்தது ரீடிங் இல்லை என்பது அவருடைய தொழிலில் அரிச்சுவடி. மீட்டர் என்பது எத்தனை ஓடியிருக்கிறது என்று சொல்லுமே தவிர எப்போது ஓடியது என்று சொல்லாது.

இந்த முறையில் ஐந்து ஊர்களை அவர்கள் கழித்துக்கட்டினார்கள். கடற்கரை ஊர் மூன்று மாதம் எள் விழ இடமில்லாமல் இருக்கிறது, ஒன்பது மாதம் ஈ ஓட்டுகிறது. ஆலை ஊரில் ஒரே ஒரு ஆலை. அது தும்மினால் ஊருக்கே சளி பிடிக்கும். கல்லூரி ஊரில் பையன்கள் வாடகை கொடுப்பார்களாம், ஆனால் போகும்போது கதவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். சந்திப்பு ரயில் நிலைய ஊரில் எல்லோரும் இறங்குகிறார்கள், யாரும் தங்குவதில்லை. ஐந்தாவது ஊரை ஏன் கழித்தார்கள் என்பதற்கு அவள் நோட்டில் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தாள்: கொசு.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதில்தான் சண்டை. அவளுக்குக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். ஆனால் அதைச் சலுகையாகக் கேட்க மாட்டாள். பந்தயம் வைத்து ஜெயித்துத்தான் வாங்குவாள். எந்த மீட்டர் அதிகம் ஏறியிருக்கும், எந்த வீடு காலியாகியிருக்கும் என்று ஒரு மாதம் முன்கூட்டியே பந்தயம். பாதி நேரம் அவர் வேண்டுமென்றே தோற்பார். அது அவளுக்கும் தெரியும்.

ஆறாவது, ஆஸ்பத்திரி ஊர். பெரிய மருத்துவமனை ஒன்று, அதைச் சுற்றி நர்ஸுகள், லேப் ஆட்கள், நோயாளிக்குத் துணையாக வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். மருத்துவமனைக்குப் பின்னால் எட்டு வீட்டுக் கட்டடம் ஒன்றில் இரண்டு வீடுகள் விலைக்கு வந்திருந்தன. எட்டு மீட்டரையும் அவர் படித்தார், அவள் எழுதினாள். பிறகு பந்தயம்.

"அடுத்த தரம் வர்றப்ப ஆறாம் நம்பர்தான் அதிகமா ஏறியிருக்கும். மூணு நர்ஸுங்க, தினம் யூனிஃபார்ம் துவைப்பாங்க" என்றார் அவர்.

"மூணாம் நம்பர்" என்றாள் அவள்.

"அங்க ரெண்டே பேர்தான இருக்காங்க?"

"கொடியைப் பாருங்க. பழைய பருத்தித் துணியைச் சதுரம் சதுரமாக் கிழிச்சுத் துவைச்சுப் போட்டிருக்கா. கிழிச்ச ஓரத்தை மடிச்சுத் தைச்சிருக்கா, பாத்தீங்களா? உறுத்தக் கூடாதுன்னு. மூணாவது ஆள் வருதுங்க."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை தொழிற்சாலையில் மேசைமேல் ஒரு சட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

செய்தி சொல்லி போன் வந்தபோது அவர் ஒரு வாசலில் குனிந்திருந்தார். மூடி திறந்திருந்தது. போனைக் கேட்டார். சரி என்றார். சட்டைப் பையில் போட்டார். கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் படித்து, கையிலிருந்த மெஷினில் அடித்து, மூடியைப் போட்டு, காலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இதை அவரே பிறகு மனைவியின் தங்கையிடம் சொல்லித் தொலைத்தார். சொல்லியிருக்க வேண்டாம். அவள் அதை மனதில் போட்டுப் பூட்டிவிட்டாள். அவர் அழவில்லை என்பதையும் சேர்த்துப் பூட்டினாள்.

அழக் கூடாது என்று அவர் இருக்கவில்லை. வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு நம்முடையதில்லாமல் இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. கிள்ளினால் தெரியும், உறைக்காது. காலையில் எழுந்து போவார், வருவார். நீரேற்று நிலையத்திலேயே குளித்துவிடுவார். துணியைச் சலவைக் கடையில் போட்டுவிடுவார். மூன்று வேளையும் மெஸ்ஸில். யாராவது கூப்பிட்டால் போவார், கூப்பிடாவிட்டால் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பார். மனைவியின் தொழிற்சாலைப் பை கதவுக்குப் பின்னால் மாட்டியபடியே இருந்தது. நீல நோட்டு அதற்குள் இருந்தது. ஆஸ்பத்திரி ஊரின் இரண்டாவது ரீடிங் பாக்கி இருந்தது. அதற்குப் போக வேண்டுமென்றால் நோட்டைத் திறக்க வேண்டும். அவர் திறக்கவில்லை.

எட்டாவது மாதம் முடிந்த சமயத்தில் ஒரு தரகர் போன் செய்தார். எப்போதோ எங்கேயோ மனைவி எழுதிக்கொடுத்துவிட்டு வந்த எண் அவரிடம் இருந்திருக்கிறது. "சார், நெடுஞ்சாலைப் பக்கம் கிடங்கு ஊர்னு ஒண்ணு இருக்கு. சரக்குக் கிடங்கா வந்து குவியுது. ஆயிரம் பேர் வேலை பாக்கறாங்க. அவங்கல்லாம் எங்க சார் தூங்குவாங்க? நம்ம வீட்டுலதான்." கூப்பிட்டார், போனார். பன்னிரண்டு வீட்டுக் கட்டடம், நாலு வயதுதான் இருக்கும், பெயின்ட் இன்னும் மங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரே பெட்டியில் வரிசையாகப் பன்னிரண்டு மீட்டர். பழக்க தோஷத்தில் குனிந்து படித்தார். அறுநூற்றுப் பதினான்கு, ஐந்நூற்று எண்பத்தெட்டு, எழுநூற்று இரண்டு என்று எல்லாமே கொழுத்த எண்கள்.

"ஆளுங்க இருக்காங்க" என்றார்.

"நீங்களே சொல்லிட்டீங்க, இதுக்கு மேல நான் என்ன சார் சொல்றது?" என்றார் தரகர், நிஜமான சந்தோஷத்தோடு.

தண்ணீர் ஓடினால் மீட்டருக்குள் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பன்னிரண்டில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. அவர் அதைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தார், போதும் என்று நினைத்தார். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களிடம் எதைச் செய்யாதே என்றாரோ அதைச் செய்தார். விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்து, பின்வாங்கினால் திரும்பாது என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது தரகர்தான் கைகுலுக்கினார்.

பதிவுக்கு ஐந்து வாரம் தவணை. விஷயம் மைத்துனியின் காதுக்கு எட்டியதும் அவள் வேகமாக வந்து நின்றாள். அவளும் தையல்காரி, அக்காவின் கண் அவளுக்கும் உண்டு, அக்காவின் பொறுமை கிடையாது. "அந்தக் காசுல பாதி அக்கா சேத்தது. அது எங்க போகுதுன்னு நான் பாக்கணும். கூட்டிட்டுப் போங்க மாமா."

கூட்டிக்கொண்டு போனார். கட்டடத்துக்கு முன்னால் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, ஒரு மாடியிலகூடத் துணி காயலயே. ஒரு கைக்குட்டைகூட இல்ல."

"வெயில்ல போட்டா சாயம் போயிரும்மா. உள்ள காயப்போட்டிருப்பாங்க" என்றார் அங்கே காத்திருந்த தரகர்.

மீட்டர்காரர் படிக்குக் கீழே போய்ப் பெட்டியைத் திறந்தார். பெயர் மறக்கும் அவருக்கு, முகம் மறக்கும், எண் மறக்காது. அறுநூற்றுப் பதினான்கு. ஐந்நூற்று எண்பத்தெட்டு. எழுநூற்று இரண்டு. பன்னிரண்டையும் கடைசிவரை படித்தார். கட்டடக் காவல்காரர் இருந்த வீட்டின் மீட்டர் நாலு யூனிட் ஏறியிருந்தது. மற்ற பதினொன்றும் போன தரம் நின்ற இடத்திலேயே நின்றன.

"யாரும் இல்ல" என்றார்.

"லீவுக்குப் போயிருப்பாங்க சார்" என்றார் தரகர்.

"பதினோரு வீடும் சேந்தா?" என்றாள் மைத்துனி.

"ஒத்துமையான ஆளுங்கம்மா."

காவல்காரருக்கே அது பொறுக்கவில்லை. தரகர் போன் பேசுகிற சாக்கில் நழுவிய பிறகு கிட்டே வந்து சொன்னார். "பெரிய கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. அது காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆகுது. அது இருந்தப்ப இங்க தண்ணிக்குச் சண்டை நடக்கும். இப்ப நானும் ஒரு பூனையும்தான்."

பஸ் நிறுத்தத்தில் மைத்துனி அவரை விளாசித் தள்ளினாள். எப்படி ரெண்டாவது தரம் பார்க்காமல் காசை நீட்டினீர்கள், அக்கா கூட வந்திருந்தால் விட்டிருப்பாளா, முன்பணம் போச்சு, அக்காவின் உழைப்பு போச்சு. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது. வருத்தம் மட்டும் வரவில்லை.

"கோவமே வராதா மாமா உங்களுக்கு? அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அன்னிக்கும் இப்படித்தான். போன் வந்தப்புறமும் நம்பரை எழுதிட்டுத்தான கிளம்புனீங்க?"

"ஆமா."

"அப்படி என்ன நம்பர் அது?"

"ஆயிரத்து நூத்தி எழுவத்தாறு" என்றார் அவர். "அந்த வாசல்ல ஒரு செருப்பு கவுந்து கிடந்துச்சு. பச்சை வாரு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டு அவர் தன் வாசலுக்கு வந்தபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்தே அது என்னவென்று தெரிந்தது. அந்த மாதிரித் தாளை எத்தனையோ கதவுகளில் அவரே ஒட்டியிருக்கிறார். இவ்வீட்டில் எவரும் வசிக்கவில்லை எனக் கருதப்படுகிறது. பதினைந்து நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிடில் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். இணைப்பு எண்ணைச் சரிபார்த்தார். அவருடையதுதான். அவருடைய தெரு அவருடைய வட்டத்தில் வராது, இன்னொருவர் பார்க்கிறார். வயதில் இளையவர், உயரம் கம்மி என்பதால் குட்டை என்று பெயர். அவருக்கு போன் போட்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்கண்ணே. நானா போடல. மூணு மாசம் தொடர்ந்து ஒரு யூனிட்டுக்குக் கீழ வந்தா மெஷினே நோட்டீஸ் போட்டுருது. உங்க கதவுன்னு தெரிஞ்சும் எப்படி ஒட்டறதுன்னு பசையை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன்."

"ஒட்டாம விட்டா உன் வேலைக்கு உலை வச்சிருவாங்க. நல்லாத்தான் ஒட்டியிருக்க."

"அண்ணே, நீங்க வீட்லதான இருக்கீங்க?"

"வீட்லதான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டு வாசலிலேயே குனிந்தார். தன் வீட்டு மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார். மனைவி இறந்த மாதம் என்ன எண் நின்றது என்று அவருக்குத் தெரியும். கழித்தார். மாதம் ஒன்பது யூனிட் ஓடிய வீடு. பத்து மாதமும் சேர்ந்துகூட அந்த ஒன்பதைத் தொடவில்லை. குளியல் வெளியே, துணி வெளியே, சாப்பாடு வெளியே. குடிக்கிற தண்ணீர்கூட மெஸ்ஸிலிருந்து பாட்டிலில் வருகிறது. இந்த எண்ணைக் காட்டி இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டால், யாரும் இல்லை, காலி என்று யோசிக்காமல் சொல்லுவார். காலையில் பதினோரு வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னது அதைத்தான்.

அவருக்குப் பயமாக இருந்தது. பத்து மாதத்தில் அவருக்கு ஏதோ ஒன்று உறைத்தது அப்போதுதான்.

உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தார். முதலில் காற்று இருமியது, பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம் வந்தது, அப்புறம் தெளிந்தது. திறந்தபடியே விட்டார். கதவுக்குப் பின்னாலிருந்த பையை இறக்கி நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஊரின் எட்டு எண்களும் அவள் கையெழுத்தில் இருந்தன. மூன்றாம் நம்பர், எண்ணூற்று நாற்பத்தாறு. ஆறாம் நம்பர், ஆயிரத்து முந்நூற்று இரண்டு. அவள் எட்டு எழுதினால் மேல் வட்டம் சின்னதாகவும் கீழ் வட்டம் பெரிதாகவும் இருக்கும். அந்த எட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: "அவர் ஆறு, நான் மூணு. ஜன்னல் எனக்குத்தான்." அதற்குக் கீழே விற்கிறவரின் போன் எண். அதற்கும் கீழே இரண்டாவது ரீடிங் என்று தலைப்புப் போட்டு, எட்டுக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே குளித்துவிட்டு பஸ் ஏறினார்.

எட்டு வீட்டுக் கட்டடம் அப்படியே இருந்தது, வாசலில் செருப்புகள்தான் கூடியிருந்தன. மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். முதல் மீட்டரிலேயே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். இரண்டாவது சும்மா இருந்தது, ஆனால் எண் நன்றாக ஏறியிருந்தது. அவள் விட்டுவைத்த கட்டங்களில், அவள் எண்களுக்கு நேர் கீழே, ஒவ்வொன்றாக எழுதினார். ஆறாம் நம்பர், ஆயிரத்து நானூற்று இருபத்து மூன்று. கழித்தால் நூற்று இருபத்தொன்று. மூன்று நர்ஸுகளும் இருக்கிறார்கள், யூனிஃபார்மும் துவைக்கிறார்கள். மூன்றாம் நம்பரின் சக்கரம் அவர் பார்த்தவற்றிலேயே வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. கழித்தார். சரியாக வந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் கழித்தார். நூற்று முப்பத்தொன்பது.

அவள் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் நடுவில் அவள் இல்லாத பத்து மாதமும் இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது.

"மீட்டரா? போன வாரம்தான வந்து பாத்துட்டுப் போனாங்க?"

மூன்றாம் நம்பரின் கதவில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையெல்லாம் சோப்பு நுரை.

"நான் வேற கணக்குக்கு வந்தேம்மா. குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"ஒம்பது முடியப் போகுது. ஏன், தண்ணி ஜாஸ்தி ஆகுதுன்னு சொல்ல வந்தீங்களா? எல்லாம் இவன் துணிதான். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் துவைக்கறேன்."

"துவைங்கம்மா. நல்லா துவைங்க" என்றார் அவர்.

விற்பனைக்கு வந்திருந்த இரண்டில் பெரிய வீட்டை யாரோ வாங்கிவிட்டார்கள். இருந்திருந்தாலும் கிடங்கு ஊரில் முன்பணத்தைத் தொலைத்த பிறகு அதற்குக் காணாது. மிச்சம் இருந்தது ஏழாம் நம்பர், பின்பக்கம், ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். பகலில் வெளிச்சம் வராது. இரவு டியூட்டி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற நர்ஸுக்கு அதைவிட வசதி வேறில்லை. இதுவரை குடியிருந்தவரும் அப்படி ஒரு நர்ஸ்தான், போன மாதம்தான் காலி செய்திருக்கிறார். எதிர்பார்த்த வாடகையில் முக்கால்வாசி வரும். ஒருவர் சாப்பிட அது போதும். விற்கிறவரிடம் மீட்டர்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். மைத்துனிக்கு போன் செய்து அவளையும் வரச் சொன்னார். "ரெண்டாவது தரம் பாத்தாச்சா மாமா?" என்று கேட்டாள். பாத்தாச்சு என்றார்.

திரும்பி வர பஸ்ஸில் ஏறியபோது முக்கால்வாசி காலியாக இருந்தது. இருவர் அமரும் ஒரு சீட்டில், வழிப் பக்கமாக உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கூட்டம் ஏறியது. கனமான பையோடு ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜன்னல் பக்கம் யாராவது வர்றாங்களா?"

அவர் பக்கத்தில் காலியாக இருந்த ஜன்னல் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து வழிவிட்டார். அந்த அம்மாள் உள்ளே நகர்ந்து உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தார். பஸ் வேகம் எடுத்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் காற்று அவர் முகத்திலும் வந்து அடித்தது, அப்போது அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை இல்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, அழுதார்.

அந்த அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "தூசி விழுந்துருச்சா? ஜன்னலைச் சாத்திடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா" என்றார் மீட்டர்காரர். "திறந்தே இருக்கட்டும். அவளுக்குக் காத்து வேணும்."